ஆணி அடிக்கலாமா?

வாடகை வீட்டில் ஆணி அடித்திருக்கிறீர்களா?

அடித்திருந்தால் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாம் கீழ் வீட்டில் சுத்தியலைக் கையில் எடுக்கும்போதே மாடியில் ஹவுஸ் ஓனருக்குக் காது நிமிர்ந்துவிடும். இரண்டாவது அடிக்குள் படியிறங்கி வந்துவிடுவார். "என்ன சார், சுவர்ல ஏதோ சத்தம்?" என்பார். நாமும் திருடன் மாதிரி சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "காலண்டர் மாட்டத்தான் சார்" என்று அசடு வழிவோம்.

சென்னைக்கு வந்து ஆறு வாடகை வீடு பார்த்துவிட்டேன். நான்காவது வீட்டில் என் மனைவி கொல்லைப்புறத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்தாள். மூன்று வருஷத்தில் அது என் உயரத்துக்கு வந்துவிட்டது. வீடு மாறும் நாளில் சாமானெல்லாம் லாரியில் ஏறியாச்சு. ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால், ஒரு பக்கெட்டில் தண்ணீர் மொண்டு அந்தக் கன்றுக்கு ஊற்றிக்கொண்டு இருக்கிறாள்.

"நாம தான் போறோமே, இனிமே எதுக்கு?" என்றேன்.

"நாளைக்கு வர்றவங்க ரசம் வைக்க மாட்டாங்களா?"

அப்போது சிரித்துவிட்டு லாரியில் ஏறிவிட்டேன். ஆனால், நமக்குச் சொந்தமில்லாத ஒன்றை நாம் ஏன் நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும், எதுவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி கூடவே லாரியில் ஏறி வந்துவிட்டது. இந்தக் கறிவேப்பிலைக் கேள்வியை அறுபது சென்ட் அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அதுதான் என் சித்தப்பா, சித்தியின் கதை.

புதுக்கோட்டை என்றதும் தொண்டைமான் அரண்மனைக்குப் போய்விடாதீர்கள். இது வேறு புதுக்கோட்டை. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போனால், கோரம்பள்ளம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வரும் ஊர். கண்டக்டர் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் தாண்டிவிடும். சித்தப்பா துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக முப்பத்து நாலு வருஷம் இருந்தவர். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டை எத்தனை, ஏறும் மூட்டை எத்தனை என்று எண்ணி எழுதுகிற வேலை. ரிட்டயர் ஆனதும், மகள் படிப்புக்காக வாங்கிய கடனுக்குத் தூத்துக்குடி வீட்டை விற்றுவிட்டு, இந்தப் புதுக்கோட்டையில் வாடகைக்கு வந்தார்கள். இரண்டே பேர். ஆளுக்கு ஒரு முழங்கால் வலி.

வந்த இடத்தில், ஊருக்கு உள்ளே தள்ளி, அறுபது சென்ட் தோட்டம் ஒன்று பதினோரு வருஷமாகச் சும்மா கிடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். உரிமையாளருக்குச் சென்னையில் மளிகைக் கடை. பூர்வீகச் சொத்து. விற்க மனசு வராது, பார்க்க நேரம் வராது. சித்தப்பா போனில் கேட்டதும், "சும்மாதான கெடக்கு அண்ணாச்சி. மூணு வருஷம் வச்சிப் பாருங்க. வருஷத்துக்கு ஐயாயிரம் குடுங்க, போதும். எழுத்தெல்லாம் எதுக்கு, நம்மளுக்குள்ள?" என்று சொல்லியிருக்கிறார்.

2022 டிசம்பரில் வாய்ச்சொல்லில் குத்தகை ஆரம்பித்தது.

நான் பொங்கலுக்குப் போனபோது அதைப் பார்த்தேன். தோட்டம் என்று சொன்னால் தோட்டம் கோபித்துக்கொள்ளும். முழுக்க சீமைக் கருவேலம். 1870-களில் விறகுக்கு ஆகும் என்று வெளிநாட்டிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, இப்போது நம்மை வெளியே போ என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்துவிட்ட அதே மரம்தான். ஜே.சி.பி. வைத்துப் பெரிய மரங்களை இழுத்துப் போட்டிருந்தார்கள். ஆனால் கருவேலத்தை வெட்டுவது வேறு, ஒழிப்பது வேறு. தூரில் ஒரு துண்டு மண்ணுக்குள் இருந்தால்கூட அதிலிருந்து நாலு கிளை துளிர்க்கும். அதனால் சித்தப்பா கடப்பாரையோடு ஒவ்வொரு தூராக நோண்டிக்கொண்டு இருந்தார். காலை ஆறு மணி. முன்பனிக் காலம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். எனக்குக் காது மடல் விறைத்தது. அவர் வெற்று மேலோடு வேர்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு நாளைக்கு நாலு தூர். அவ்வளவுதான் முடியும். எண்ணும் உத்தியோகம் பார்த்தவர் இல்லையா, வேலிக் கம்பில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருந்தார். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு.

அந்தத் தையும் மாசியும் பங்குனியும் அங்கே நடந்ததைச் சித்தி சொல்லக் கேட்க வேண்டும். கிணற்றைத் தூர் வாரினார்கள். சேற்றுக்குள் சைக்கிள் ரிம், செருப்பு, உடைந்த பானை, கடைசியில் ஒரு பித்தளைச் செம்பு. புளி போட்டு விளக்கிப் பார்த்தால் கழுத்தில் ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருந்தது. உரிமையாளரின் பாட்டியாக இருக்கும். சித்தி அதைப் பழைய சேலையில் சுற்றி, சென்னை போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டுத்தான் மறு வேலை பார்த்தாள். "அடுத்தவங்க சாமான் நமக்கு எதுக்குய்யா?" என்றாள் என்னிடம். அடுத்தவங்க மண்ணில் நின்றுகொண்டுதான் இதைச் சொன்னாள்.

பிறகு எரு. இதில்தான் தம்பதிக்குள் சண்டை.

நம் ஊரில் ஒரு சொலவடை உண்டு. ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம். ஆட்டுப் புழுக்கை சீக்கிரம் பலன் தந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். மாட்டுச் சாணம் மெதுவாக மக்கி, மண்ணோடு கலந்து, அடுத்தடுத்த வருஷங்களுக்கும் நிற்கும். சித்தப்பா, "இந்தா, மூணு வருஷக் குத்தகைக்கு ஆட்டெரு போதும்" என்றார். ஆட்டுக்காரர்களைப் பிடித்து நாலு ராத்திரி கிடை போட்டார். சித்தி ஒன்றும் பேசவில்லை. மறு வாரம் மூன்று டிராக்டர் மாட்டெரு வந்து இறங்கியது. அவள் கைச் செலவுக்கு வைத்திருந்த பணம்.

"மூணு வருஷம் கழிச்சு யாரு திங்கப் போறா?"

"யாராவது திம்பாவ."

கிடை போட்டதில் ஒரு வேடிக்கை நடந்தது. அந்த ஆடுகள் ஊரெல்லாம் மேய்ந்து தின்றது கருவேல நெற்றைத்தான். விதை ஜீரணமாகாமல் புழுக்கையோடு வந்து விழுந்தது. ஒரே மாசத்தில் தோட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் கருவேலங்கன்று! எதை ஒழிக்க இரண்டு மாசம் பாடுபட்டார்களோ அதையே எரு போட்டு விதைத்த மாதிரி ஆகிவிட்டது. சித்தி தினமும் சாயங்காலம் குத்தவைத்து அந்தக் கன்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். "மாட்டெருவைச் சொன்னியளே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். சொல்லாமல் இருப்பதில் உள்ள சுகம் கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

மாசி கடைசியில் வெண்டை, கத்தரி, கொத்தவரை, தட்டாம்பயறு எல்லாம் நாலு இலை விட்டு நின்றன. ஓரத்தில் முருங்கைக் கம்பு.

டீக்கடையில் ஊர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். "அண்ணாச்சி, பொறத்தியான் மண்ணுக்கு இந்தப் பாடு படுதீயளே. நாளைக்கு எந்திரின்னா எந்திரிச்சுத்தான ஆவணும்?"

சித்தப்பா பதில் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "முப்பத்து நாலு வருஷமும் பொறத்தியான் மூட்டையத்தான எண்ணுனேன். தப்பா எண்ணுனேனா?"

நான் பி.காம். படித்தவன். பத்திரிகைக்கு வந்தாலும் அந்தக் கை போகவில்லை. ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜே.சி.பி. 9,100. கிணறு 22,000. மோட்டார் காயில் கட்ட 8,500. கிடை 4,000. மாட்டெரு 9,000. வேலி 11,000. விதை, மற்றது 3,400. ஆக மொத்தம் 67,000 ரூபாய். அடுத்தவர் சொத்தில் நாம் செய்யும் இந்த மாதிரிச் செலவுக்குக் கணக்கியலில் தனி வழியே இருக்கிறது. குத்தகைக் காலம் எத்தனை வருஷமோ அதற்குள் பிரித்துப் பிரித்து எழுதித் தீர்த்துவிட வேண்டும். மூன்று வருஷம் என்றால் வருஷத்துக்கு 22,333. குத்தகை 5,000. முதல் வருஷம் காய்கறி விற்று வந்தது 31,000. போக மிச்சம் 3,667. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்து ரூபாய் கூலி.

மூன்றாம் வருஷக் கடைசியில் நம் புத்தகத்தில் அந்தக் கிணற்றின் மதிப்பு பூஜ்யம். ஆனால் கிணற்றில் தண்ணீர் இருக்கும். மாட்டெருவின் மதிப்பு பூஜ்யம். ஆனால் மண் கறுத்திருக்கும். பேரேட்டில் தீர்ந்துபோனது மண்ணில் தீரவில்லை என்றால், அது யார் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது? எனக்குச் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் இந்த இடத்தில் மணி அடித்துவிட்டது என்று போய்விட்டார்.

வள்ளுவர் உழவு அதிகாரத்தில் ஓர் இடத்தில் சொல்கிறார். நிலத்துக்கு உரியவன் தினமும் போய்ப் பார்க்காமல் இருந்தால், அது மனைவியைப் போல ஊடல் கொண்டுவிடுமாம். சரி ஐயா. உரியவன் பதினோரு வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை. உரிமை இல்லாத ஒருவர் போய்ப் பனியில் கடப்பாரை பிடித்து அதன் ஊடலைத் தீர்க்கிறார். இப்போது அந்த நிலத்துக்கு யார் உரியவர்? இந்த உவமையை இதற்கு மேல் இழுத்தால் குடும்பத்தில் குழப்பம் வரும். விட்டுவிடுகிறேன்.

சித்தியின் மகள், என் தங்கை, லண்டன் பக்கம் நர்ஸாக இருக்கிறாள். போனில் இந்தக் கதையைச் சொன்னபோது, "அண்ணே, இங்க அதுக்கு வரிசையில நிக்கோம்" என்றாள். இங்கிலாந்தில் அலாட்மென்ட் என்று ஒன்று உண்டு. சொந்த நிலமில்லாத டவுன் ஆட்களுக்கு நகராட்சி சின்னச் சின்னத் துண்டாக நிலத்தை வாடகைக்குக் கொடுக்கும். 1908-ல் வந்த சட்டம் அதை உள்ளாட்சிகளின் கடமையாகவே ஆக்கியது. ஒரு துண்டின் வழக்கமான அளவு சுமார் 250 சதுர மீட்டர். நம் கணக்கில் ஆறு சென்ட். நிறைய இடங்களில் காத்திருப்போர் பட்டியலே வருஷக்கணக்கில் நீளும். முன்பு வைத்திருந்தவர் கைவிட்டுப்போன, முள்ளும் புல்லும் மண்டிய துண்டுதான் பெரும்பாலும் புதிதாக வருகிறவர்களுக்குக் கிடைக்கும். பிப்ரவரிக் குளிரில் கணவனும் மனைவியும் பூட்ஸ் போட்டுக்கொண்டு போய், உறைந்த மண்ணைக் கிளறி, வசந்தத்துக்குள் விதைக்கத் தயார் செய்வார்களாம். அங்கே போயும் நம்மவர்கள் வெங்காயமும் பூசணியும் போடுகிறார்கள்.

அவள் சொன்னதில் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. அங்கே துண்டை எடுத்தவர் பயிர் செய்யாமல் புல் மண்ட விட்டால், நகராட்சியிலிருந்து கடிதம் வரும். அப்புறமும் விட்டால் துண்டு பறிபோகும். அதாவது, பார்த்துக்கொள்வதுதான் வைத்துக்கொள்வதற்கான தகுதி. நம் ஊரில் பதினோரு வருஷம் கருவேலம் வளர்த்தாலும் பட்டா அப்படியே இருக்கும். பார்த்துக்கொள்கிறவர்தான், "எப்ப எந்திரிக்கச் சொல்வாங்களோ" என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த முதல் பொங்கலில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாய்க்கால் கரையில் இரண்டு வயசான பனைகள். கேட்பாரில்லாமல் உதிர்ந்த பழமெல்லாம் தானாகவே மண்ணில் முளைத்திருந்தது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, பனங்கிழங்கு என்பது பனைமரத்தின் குழந்தை. கொட்டை முளை விட்டு மண்ணுக்குள் கீழே இறங்கிக் கிழங்காக ஆகும். பொங்கல் சமயத்தில் தோண்டி எடுத்து, மஞ்சள் போட்டு அவித்துச் சாப்பிடுவோம். சாப்பிட்டால் கிழங்கு. சாப்பிடாமல் விட்டால் மரம்.

நானும் சித்தப்பாவும் தோண்டிக்கொண்டே போனோம். வாய்க்கால் கரையில் வரிசையாக இருந்ததைத் தோண்டப் போனபோது சித்தி தடுத்தாள். "அது கிடக்கட்டும்."

"ஏன் சித்தி? நல்ல கிழங்கா இருக்கும் போலிருக்கே."

"கரைக்கு நல்லதுய்யா."

பனை பாளை விட ஏறக்குறைய பதினைந்து வருஷம் ஆகும். சில மண்ணில் இன்னும் கூட ஆகும். சித்திக்கு அப்போது அறுபத்து மூணு வயசு. குத்தகை மூணு வருஷம். நான் வாய்க்குள் கணக்குப் போட்டதைக் கவனித்துவிட்டு, "நீ அவிச்சதத் தின்னு" என்றாள்.

சித்தப்பா மட்டும் விட்டதை எண்ணினார். பதினாலு.

கர்நாடகத்தில் திம்மக்கா என்று ஓர் அம்மா இருந்தார். கேள்விப்பட்டிருப்பீர்கள். அவரும் கணவர் சிக்கையாவும் குழந்தை இல்லாத கூலித் தொழிலாளர்கள். ஹுலிக்கல் கிராமத்திலிருந்து கூதூர் வரை நாலு கிலோமீட்டருக்கும் மேல், சாலையோரமாக ஆலங்கன்றுகளை நட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி 385 மரங்களை வளர்த்தார்கள். சாலை அவர்களுடையதில்லை. நிழலில் போகிறவன் யாரென்று தெரியாது. சிக்கையா 1991-ல் போய்விட்டார். திம்மக்காவுக்கு 2019-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எல்லாரும் அந்தப் பத்மஸ்ரீயோடு கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதே 2019-ல் நடந்த வேறொன்று. சாலையை அகலப்படுத்த அந்த மரங்களுக்கு ஆபத்து என்று செய்தி வந்ததும், நூறு வயசு தாண்டிய அந்த அம்மா அன்றைய முதல்வரிடம் கேட்டார், என் மரங்களை வெட்டாதீர்கள் என்று. பட்டா இல்லை, பத்திரம் இல்லை. ஆனால் கேட்கும் உரிமை இருந்தது. அது தண்ணீர் சுமந்ததில் வந்த உரிமை. 2025 நவம்பரில் அவரும் காலமானார்.

புதுக்கோட்டைக்குத் திரும்பி வருகிறேன். 2023 டிசம்பர் 17, 18. மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அந்த மாவட்டம் ஒரு வருஷம் முழுக்கப் பார்க்கும் சராசரி மழையைவிட அதிகம். கோரம்பள்ளம் குளம் உடைந்தது. திருநெல்வேலி சாலை அறுந்தது. எனக்கு இரண்டு நாள் போன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் சித்தி பேசினாள். "நாங்க நல்லாருக்கோம்யா" என்றாள். அப்புறம் பேச்சு வரவில்லை.

வெள்ளம் வடிந்தபோது தோட்டத்தில் முழங்கால் அளவு மணல். கத்தரி எங்கே, வெண்டை எங்கே, ஒன்றும் தெரியவில்லை. கறுத்த மேல்மண் பாதிக்கு மேல் போய்விட்டது. கிணற்றில் மறுபடியும் சேறு. வேலி அடுத்த தோட்டத்தில் கிடந்தது. பயிர் போனதற்கு மனு எழுதலாமே என்று நான் சொன்னேன். சித்தப்பாவிடம் என்ன காகிதம் இருக்கிறது? அடங்கலில் அவர் பெயர் இல்லை. அவர் கேட்கவும் போகவில்லை.

குத்தகை முடிய இரண்டு வருஷம் பாக்கி. இப்போது விட்டுவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. என் கணக்கு நோட்டும் அதைத்தான் சொன்னது. நான் போனில் அதைச் சொல்லவும் செய்தேன். தை பிறந்ததும் இருவரும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்! மாசி முழுக்க மணலை அள்ளி அள்ளி வாய்க்கால் ஓரத்தில் கொட்டினார்கள். கோரை தலைகாட்டியது. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். மறுபடியும் சித்தியின் மாட்டெரு. இந்த முறை சித்தப்பா மறுத்துப் பேசவில்லை.

ஏன் என்று கேட்டேன். "பாதியில விட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். இதற்கு மேல் பெரிய தத்துவம் எதுவும் அவர் சொல்லவில்லை.

2025 ஐப்பசியில் உரிமையாளரின் மகன் காரில் வந்தான். நல்ல பையன்தான். மரியாதையாகப் பேசினான். ஒரு பெட்டி ஸ்வீட் கொண்டுவந்திருந்தான். சுற்றிப் பார்த்துவிட்டு, "சூப்பரா மெயின்டெய்ன் பண்ணிருக்கீங்க அங்கிள். கிணறு, வேலி எல்லாம் இருக்கறதால நல்ல ரேட்டு வருது. மனை போடப் போறோம். டிசம்பரோட முடிச்சுக்கலாமா?" என்றான். பேசியது மூணு வருஷம். மூணு வருஷமும் முடியப் போகிறது. தப்பு சொல்ல ஒன்றுமில்லை. சித்தப்பாவும் தலையாட்டிவிட்டார்.

அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஊர்ல எல்லாரும் சொன்னதுதான? மண்ணு என்ன செஞ்சுது, அது மேல கோவப்பட்டு?" என்று சித்தி சமாதானம் செய்திருக்கிறாள்.

"மண்ணு ஒண்ணும் செய்யல. நான் மண்ணுகிட்டயா கோவப்படுதேன்?"

இந்த வாக்கியத்தில் நான் நின்றுவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சொந்தமில்லாத மண்ணை நேசித்த தம்பதி, பலனை எதிர்பாராத உழைப்பு என்றெல்லாம் உருகி ஒரு கட்டுரை எழுதலாம் என்றுதான் எனக்கு இருந்தது. சித்தப்பா அதை மோப்பம் பிடித்துவிட்டார். "புண்ணியம் அது இதுன்னு எழுதிராத. புண்ணியம்னு சொல்லித்தான் எல்லாவனும் காசு குடுக்காமத் தப்பிச்சுக்கிடுதான்."

அவர் சொல்வதில் இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்று, மண்ணோடு. அதில் அவர் பாக்கி வைக்கவில்லை, பாக்கி கேட்கவுமில்லை. இன்னொன்று, மனுஷனோடு. அந்தக் கிணறு தண்ணீரோடு இருப்பதால் மனைக்கு விலை ஏறுகிறது என்றால், ஏறிய விலையில் சித்தப்பாவின் முழங்காலும் இருக்கிறது. இதை ஒருவர் எடுத்துக்கொண்டு, மற்றவருக்கு ஸ்வீட் பெட்டியும் 'சூப்பர் அங்கிள்' என்ற பாராட்டும் கொடுத்தால், நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அது உறுத்தாது. பாராட்டு என்பது எவ்வளவு மலிவான சம்பளம் என்று வீட்டில் சமைக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இங்கிலாந்தில் 1875-ல் விவசாயக் குத்தகை பற்றி ஒரு சட்டம் போட்டார்கள். அதைப் பின்பற்றாமல் தப்பிக்க நிலச்சுவான்தார்களுக்கு வழி இருந்தது. 1883-ல் அந்த வழியை அடைத்தார்கள். குத்தகைதாரர் போகும்போது, அவர் செய்து இன்னும் பலன் தீராமல் நிலத்தில் மிச்சமிருக்கும் மேம்பாட்டுக்கு ஈடு கொடுக்க வேண்டும். விலைக்கு வாங்கிப் போட்ட எரு, எலும்புத்தூள்கூட அதில் அடக்கம். மண்ணில் மிஞ்சிய எருவுக்குக் காசு! என் பேராசிரியர் மணியடித்து விட்டுப்போன கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது. அவ்வளவு தூரம் போவானேன், எங்கள் முத்துக்குளித்துறைக்கே வாருங்கள். கடல் மூழ்கியவனுக்குச் சொந்தமில்லை. முத்துப் பார்கள் சர்க்காருடையது. ஆனாலும் 19-ம் நூற்றாண்டுக் கடைசியில், எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு மூழ்கியவனுக்கு என்று கரையிலேயே பிரித்தார்கள். வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருக்கிறது, மூச்சடக்கி இறங்கியவனுக்கு ஒரு பங்கு உண்டென்று. 1961-க்கு அப்புறம் முத்துக்குளிப்பும் நடக்கவில்லை.

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. பயிரிடும் குத்தகைதாரர்களைப் பாதுகாக்க 1955-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதன் நிழல் எப்படி விழுந்தது என்றால், எழுதிக்கொடுத்தால் நிலம் திரும்பாது என்று உரிமையாளர்கள் பயந்துவிட்டார்கள். எழுத்து போய் வாய்ச்சொல் வந்தது. நிலத்தைச் சும்மா போட்டாலும் போடுவேன், காகிதத்தில் கொடுக்க மாட்டேன் என்றார்கள். அந்த மளிகைக் கடைக்காரரும் அப்படிப் பயந்தவர்தானே தவிரக் கெட்டவரில்லை. கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு மத்திய அரசு கொடுக்கும் ஆறாயிரம் ரூபாய்கூட நிலம் பெயரில் இருப்பவருக்குத்தான். பெயர் இல்லாமல் பாடுபடுகிறவர் எந்தப் பேரேட்டிலும் வரமாட்டார். கிணற்றுச் சேற்றில் கிடந்த செம்புக்காவது கழுத்தில் பெயர் இருந்தது.

நான் சித்தப்பாவிடம், "அந்தப் பையன்கிட்ட பேசட்டுமா? கிணத்துச் செலவையாவது..." என்றேன்.

சித்தி, "வேண்டாம்யா" என்றாள். சித்தப்பா, "கேட்டுப் பாரு" என்றார். இருவரும் ஒரே நேரத்தில்.

கேட்டேன். பையன் அரை நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன் அண்ணா" என்றான். இதை எழுதும்வரை சொல்லவில்லை. சொல்லலாம். நல்ல பையன் என்று முதலிலேயே சொன்னேனே.

இந்தத் தைக்கு ஊருக்குப் போயிருந்தேன். தோட்டத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக் கற்கள் நட்டாகிவிட்டது. சித்தி வாடகை வீட்டுத் திண்ணையில் பழைய பெயின்ட் டப்பாக்களில் கத்தரி நாற்று போட்டிருந்தாள். உள்ளே சுவரில் ஓர் ஆணி அடித்திருந்தார்கள். நான் கேட்கவில்லை.

சித்தப்பா என் பழைய நோட்டை எடுத்துவரச் சொன்னார். மூன்று வருஷத்தையும் முழுசாக எழுதி முடிக்கச் சொன்னார். வெள்ளத்துக்கு அப்புறம் செய்த செலவு, வந்த வரவு, எல்லாம் எழுதிக் கூட்டினேன். நஷ்டம் 28,400 ரூபாய். படித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

"பனங்கன்னு எழுதலியே?"

"பதினாலா, சித்தப்பா?"

"மூணு வெள்ளத்து மணல்ல அமுங்கிட்டு. கல்லு நடுதாவன்னு கேள்விப்பட்டு நேத்து போயி எண்ணிட்டு வந்தேன். பதினொண்ணு நிக்கி. எழுதிக்கோ."

எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல், அடியில் எழுதினேன்.